ஊட்டியில் ரொட்டிக்கா பஞ்சம்?

பேக்கரிக்குப் பேர்போன ஊர் என்று ஊட்டியைச் சொல்கிறார்கள். அந்த ஊரிலேயே குடியிருந்துகொண்டு, மாவும் உப்பும் ஈஸ்ட்டும் தண்ணீரும் கலந்து அன்றன்றைக்குச் சுட்ட ஒரு சாதாரண ரொட்டியை வாங்குவதற்குப் படாத பாடு படுகிறேன் என்று சொன்னால், சமவெளியில் இருக்கும் உறவினர்கள் சிரிக்கிறார்கள். அவர்களுக்கு ரொட்டி என்பது காய்ச்சல் வந்தால் பாலில் நனைத்துத் தின்னும் பண்டம். “ரொட்டி இல்லாவிட்டால் என்ன, இரண்டு இட்லி ஊற்றிக்கொள்ளேன்” என்று ஈரோட்டிலிருந்து சித்தி தொலைபேசியில் யோசனை சொல்கிறார். மார்கழிக் குளிரில் இட்லி மாவை எத்தனை கம்பளி சுற்றி வைத்தாலும், விடியும்போது அது அரைத்தது அரைத்தபடியே கிடக்கும் என்பது அவருக்குத் தெரியாது. மாவு பொங்காத வீடுகளில் ரொட்டிதான் காலை உணவு. எஸ்டேட் லைன் வீடு முதல் பள்ளிப் பிள்ளைகளின் டிபன் பெட்டி வரை அது புகுந்ததற்குக் காரணம் இதுதான்.

முதலில் பாக்கெட் ரொட்டிக்கு வருகிறேன். எங்கள் தெருக்கடைக்கு வருவது சமவெளியில் சுடப்பட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் மற்ற சரக்குகளுக்கு அடியில் நசுங்கி, அதற்கு மேலும் மலையேறி வரும் ரொட்டி. மூலைகள் மடங்கி, நடுத்துண்டுகள் இடுப்பொடிந்து வந்து சேரும் அதற்கு, அச்சிட்ட விலையில் ஒரு பைசா குறைப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியார் பக்கம் மண் சரிந்துவிட்டால் அதுவும் வராது. கோதுமை ரொட்டி என்று கொட்டை எழுத்தில் போட்ட பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால், சேர்மானப் பட்டியலில் முதலில் நிற்பது பல நேரங்களில் மைதாதான். எடையில் அதிகமாக இருப்பதை முதலில் எழுத வேண்டும் என்று சட்டம் இருப்பதால்தான் அந்த உண்மையாவது வெளியே தெரிகிறது. பழுப்பு நிறத்தைத் தருவது 150 என்ற எண்ணுக்குப் பின்னால் நிற்கும் கேரமல். 282 என்பது பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் கால்சியம் புரோப்பியோனேட். இரண்டும் அனுமதிக்கப்பட்டவையே, அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை. சாயம் பூசிய மைதாவைக் கோதுமையின் விலைக்கு வாங்குவதுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

அந்தப் பாக்கெட்டில் அச்சிட்ட தேதியும் மலைக்குப் பொருந்துவதில்லை. ரொட்டி வறண்டு போவது ஈரம் ஆவியாவதால் மட்டும் நடப்பதன்று. சுடும்போது நீரை உறிஞ்சிக் குழைந்த மாவுச்சத்து, ஆறிய பிறகு மெல்ல மெல்ல மீண்டும் இறுகத் தொடங்குகிறது. உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில்தான் அந்த இறுக்கம் மிக வேகமாக நடக்கிறது. ஃபிரிட்ஜில் வைத்த ரொட்டி மேசைமேல் வைத்த ரொட்டியைவிடச் சீக்கிரம் விறைத்துப்போவதற்குக் காரணம் அதுவே. கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில், உறைபனி விழும் மாதங்களில், எங்கள் சமையலறையே ஒரு ஃபிரிட்ஜ்தான். வாங்கிய அன்றைக்கே துண்டுகளை ஃப்ரீசரில் போட்டுவிட்டு, வேண்டும்போது எடுத்துத் தோசைக்கல்லில் வாட்டினால் ஓரளவு தப்பிக்கலாம். ஆனால் ஆடி மாதச் சாரலில் மின்சாரம் போய்விட்டால், ஃப்ரீசரிலிருந்து ஈரம் சொட்டி, அடுத்த நாளே பச்சைப் பூஞ்சை எட்டிப் பார்க்கிறது.

உள்ளூர் பேக்கரிமேல்தான் எனக்கு உண்மையான கோபம், ஏனென்றால் அங்கேதான் அடுப்பும் இருக்கிறது, கைப்பழக்கமும் இருக்கிறது. சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகராக இந்த ஊர் இருந்த காலத்தில், வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளுக்கு ரொட்டி சுட்டுப் பழகிய மலை இது. இன்றைக்கு அதே தொழிலைச் செய்பவர்களுக்கு வாடிக்கையாளர் என்றால் சுற்றுலாப் பயணி மட்டும்தான். தொட்டாலே உதிரும் மொறுமொறு பிஸ்கட்டான ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. அதற்காக விறகு அடுப்பின் தட்டு முழுவதையும் வர்க்கிக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா? 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்தும் சீசன் கூட்டம் எங்கள் கண்ணுக்குக் குறைந்ததாகத் தெரியவில்லை. சித்திரை, வைகாசியில் நான் வழக்கமாகப் போகும் பேக்கரியின் முன்னால் வேன்கள் வரிசையில் நிற்கும். வர்க்கியும் சாக்லேட்டும் கிலோ கணக்கில் போகும். ரொட்டி கேட்கும் உள்ளூர்க்காரி ஓரமாக நின்று காத்திருக்க வேண்டும்.

காத்திருந்து வாங்குவதாவது உருப்படியாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை.

“இன்னிக்குப் போட்டதுதான், அக்கா.”

“எத்தனை மணிக்குப் போட்டீங்க, தம்பி?”

“காலையில ஆறு மணிக்கெல்லாம் வந்திருச்சே, அக்கா.”

போட்டதா, வந்ததா என்று கேட்டால் பதில் இல்லை. பார்வை அடுத்த ஆளிடம் போய்விடுகிறது. வெட்டித் தரச் சொன்னால், இயந்திரத்தின் பற்களில் முந்தைய பழரொட்டியின் டூட்டி ஃப்ரூட்டித் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சிவப்பும் பச்சையுமாக அவை என் ரொட்டிக்குள் வந்து சேருகின்றன. வீட்டுக்கு வந்து பிரித்தால், மேல்தோலுக்கும் உள்சதைக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்குப் பொந்து. வாயில் வைத்தால் பன்னைப் போன்ற தித்திப்பு. முட்டைக்கும் மிளகுக்கும் சேராத அந்த இனிப்பை யார் கேட்டார்கள்?

உள்ளே என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டால் “நல்ல மாவுதான்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. வீண் சந்தேகத்தில் கேட்கும் கேள்வி இல்லை இது. அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் (CSE) என்ற தன்னார்வ அமைப்பு 2016-இல் டெல்லியில் 38 ரொட்டி, பன் வகை மாதிரிகளைச் சோதித்தபோது, 84 விழுக்காட்டில், மாவைப் பக்குவப்படுத்தச் சேர்க்கும் ரசாயனங்களான பொட்டாசியம் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்தது. அதே ஆண்டில்தான் புரோமேட்டுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. உதிரியாக விற்கும் இனிப்புகளை எந்தத் தேதிக்குள் உண்ணலாம் என்று எழுதி வைக்க வேண்டும் என்ற விதி 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. லட்டுத் தட்டில் அட்டை நிற்கிறது. பக்கத்தில், வெறும் கவரில் சுற்றிக் கம்பியால் முறுக்கிய ரொட்டியில் தேதியும் இல்லை, சேர்மானமும் இல்லை, சுட்டவர் பெயரும் இல்லை.

இவ்வளவையும் புலம்பினால் உடனே வரும் அறிவுரை, “வீட்டிலேயே செய்துகொள்ளலாமே” என்பது. இதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் வாழ்நாளில் மாவு பிசைந்ததில்லை. சென்னையில் எடுத்த வீடியோவில், ஒரு மணி நேரத்தில் மாவு இரண்டு மடங்காகிவிடும் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். தை மாதத்து ஊட்டிச் சமையலறையில் அதே மாவு மதியம் வரை அசையாது. சரி என்று ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வெதுவெதுப்பில் வைத்தால், அடுத்த தொல்லை. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு என்பதால் வாயு எளிதில் விரிந்து, கொஞ்சம் கவனம் தப்பினாலும் மாவு அளவுக்கு மீறிப் பொங்கி, சுடும்போது நடுவில் அமுங்கிப்போகிறது. ஈஸ்ட்டைக் குறைத்து, மாவு இரண்டு மடங்காகும் முன்பே ஓவனில் ஏற்றினால்தான் நிற்கும் என்பதை எந்த வீடியோவும் சொல்வதில்லை. சப்பாத்தி மாவை மட்டும் வைத்துச் செய்தால், அதிலுள்ள தவிடு பசைத்தன்மையை அறுத்துச் செங்கல்லாக்கிவிடுகிறது. கோதுமைத் துரு நோயை ஆராயும் மத்திய அரசு நிலையம் இங்கே குன்னூர் பக்கத்து வெலிங்டனிலேயே இருக்கிறது, படுகர் நிலங்களில் ஒரு காலத்தில் கோதுமையும் விளைந்தது. ஆனால் ரொட்டிக்கேற்ற மாவு வேண்டுமென்றால் நான் கோயம்புத்தூருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஆசைக்குச் செய்யலாம், செய்கிறேன், நன்றாகவே வருகிறது. காலை எட்டு மணிக்குப் பஸ்ஸைப் பிடிக்கும் பெண், தினமும் அதிகாலையில் எழுந்து ஈஸ்ட்டுக்குத் தாலாட்டுப் பாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

நான் கேட்பது மிகச் சிறியது. அத்தனை தட்டுகளில் ஒரே ஒரு தட்டு உள்ளூர்க்காரர்களுக்கு ஒதுக்கப்படட்டும். சர்க்கரையைக் குறைத்து, வெட்டாத முழு ரொட்டியாக, எந்த மாவு, எத்தனை மணிக்குச் சுட்டது என்று ஒரு சீட்டு ஒட்டி வைக்கட்டும். ஐந்து ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கிறேன். இதைச் சொன்னபோது கல்லாவில் இருந்தவர், “ரொட்டி தீர்ந்துபோச்சு, வர்க்கி எடுத்துக்குங்களேன், அக்கா” என்றார். முட்டைப் பொரியலை இரண்டு வர்க்கிக்கு நடுவில் வைத்து, சட்டையெல்லாம் உதிராமல், ஓடும் பஸ்ஸில் எப்படித் தின்பது என்பதையும் அவரே ஒரு முறை செய்து காட்டட்டும்.