ஆபத்துக்கு ஏற்ற கூலியா?
ஆபத்தான வேலைகளின் கூலி பற்றிய இந்தக் கட்டுரையில் 'ஆபத்து கூடக் கூடக் கூலியும் கூடும்' என்று கட்டுரையாளர் சொல்வது கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டுபவருக்கு வேண்டுமானால் பொருந்தும். எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை அடைத்தால் வருகிறவர் ஒப்பந்ததாரரின் ஆள், தினக்கூலி. கையுறைகூடக் கிடையாது, மூங்கில் கழிதான். உள்ளே ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு மிகுந்துவிட்டால் மூக்குக்கு வாடையே தெரியாமல் போய்விடும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. செத்தால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றிருந்ததை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக்கியது. சரி, உயிரோடு இருக்கும்போது? மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், 'பிடிக்காவிட்டால் வேறு வேலைக்குப் போகட்டுமே' என்கிறார். பெரும்பாலும் எந்தச் சாதிக்காரர்கள் இதில் இறங்குகிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் அவர் அதைச் சொல்லட்டும்.