கொழுப்பு யாருக்கு?

மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். தோழி ஒருவர் போட்ட பதிவின் கீழே நடந்ததை நீங்கள் எல்லோருமே பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு இனி வழியில்லை, தோழி அதை எடுத்துவிட்டார். வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து கொப்புளித்த இடத்தைப் படம் எடுத்துப் போட்டு, "ஃபேட் ஃப்ரீசிங் போகிறவர்கள் யோசித்துப் போங்கள்" என்று நாலு வரி எழுதியிருந்தார். ஃபேட் ஃப்ரீசிங் என்றால் மெஷினால் குளிர வைத்துக் கொழுப்பைக் குறைப்பது. அவ்வளவுதான் அவர் எழுதியது. வந்த பதில்களில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தது இந்த ஒன்றுக்கு: "கொழுப்பைக் குறைக்கக் காசு கொடுக்கிற அளவுக்குக் கொழுப்பு." நூற்றுச் சொச்சம் ஹாஹா. அதில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள் பதினோரு பேர். எண்ணினேன். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

சரி. கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

இது சிகிச்சை. ஃபேசியல் இல்லை. கத்தி வைக்கவில்லை, தையல் போடவில்லை, மயக்க மருந்து கொடுக்கவில்லை, சாயங்காலமே வீட்டுக்கு வந்து தோசை சுடலாம் என்பதால் அது ஃபேசியல் ஆகிவிடாது. உங்கள் உடம்பில் உயிரோடு இருக்கிற செல்களைக் கொல்கிறார்கள். விளம்பரத்தில் இந்த ஒரு வரி மட்டும் வராது. "நோ சர்ஜரி, நோ பெயின், நோ டவுன்டைம்" என்று மூன்று நோ வரும்.

இதன் கதையே சுவாரஸ்யமானது. 1970-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு சின்னக் குறிப்பு வந்தது. குச்சி ஐஸைக் கன்னத்தில் அடக்கி அடக்கிச் சப்பிய குழந்தைக்கு அந்த இடத்தில் கொழுப்பு அழற்சி. தோலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, உள்ளே இருந்த கொழுப்புதான் அடிவாங்கியது. தோலைவிடக் கொழுப்புக்குக் குளிர் தாங்காது. இந்த நூலைப் பிடித்துக்கொண்டு பாஸ்டனில் டீட்டர் மான்ஸ்டைன், ராக்ஸ் ஆண்டர்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் பன்றிகளில் சோதனை செய்து 2008-ல் எழுதினார்கள். சதையை ஒரு கப்புக்குள் உறிஞ்சி இழுத்து, நடுவில் ஜெல் தடவிய ஒரு தாளை வைத்து, முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ குளிர்விப்பது. கொழுப்புச் செல்கள் மெதுவாகச் செத்து, உடம்பே அவற்றைத் தின்று அப்புறப்படுத்தும். அதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். அந்த இடத்துக் கொழுப்பின் தடிமன் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ குறையும். எடை குறையாது.

மறுபடி சொல்கிறேன், இரண்டு மூன்று மாதம். அப்படியென்றால் முதல் சிட்டிங் முடிந்து எழுந்ததுமே இன்ச் டேப் வைத்து "மேடம், ஒன்றரை இன்ச் லாஸ்!" என்று கைதட்டினார்களே, அந்த ஒன்றரை இன்ச் எங்கே போனது? டெய்லர் கடையில் பாவாடைக்கு அளவு கொடுத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும், டேப்பை இழுக்கிற இழுப்பில் ஒன்றரை இன்ச் என்ன, மூன்று இன்ச்கூடக் குறைக்கலாம் என்று. எனக்கும் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நானும் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன்.

ஆமாம், நானும் போயிருக்கிறேன். இதைச் சொல்லத்தான் மூன்று நாள் ஆயிற்று.

நாலு வருஷத்துக்கு முன்னால். தம்பி கல்யாணத்துக்கு ஐந்து மாதம் இருந்தது. திருச்சியில் ஒரு இடம், பெயர் வேண்டாம். ஏசி, எலுமிச்சை வாசனை, வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண். கோட்டைப் பார்த்து டாக்டர் என்றே நினைத்தேன், "கவுன்சலர்" என்று பிற்பாடுதான் தெரிந்தது. வெஜ்ஜா நான்-வெஜ்ஜா என்று கேட்டார். இஎம்ஐ வேண்டுமா என்று கேட்டார். ஆறு சிட்டிங், 48,000 ரூபாய், இன்றைக்கே கட்டினால் முகத்துக்கு ஒரு பேக்கேஜ் இலவசம். கேட்காமல் விட்டது என்னவென்றால், உனக்கு எத்தனை பிரசவம், சிசேரியனா, தொப்புளில் குடலிறக்கம் இருக்கிறதா, குளிர் பட்டால் விரல் நீலமாகிறதா. இவை எல்லாம் கப்பை எடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள். குடலிறக்கம் இருக்கிற வயிற்றில் அந்தக் கப்பை வைக்கக் கூடாது. குளிர் பட்டால் ரத்தத்தில் இருக்கிற புரதமோ செல்களோ திரண்டுகொள்ளும் அரிய நோய்கள் சில உண்டு, அவை இருப்பவர்களுக்கு இந்தச் சிகிச்சையே கூடாது. வெஜ்ஜா நான்-வெஜ்ஜா என்பது எதற்கு என்று இன்றைக்கும் புரியவில்லை.

நாலாவது சிட்டிங்கில் எனக்கு இரண்டு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு கொப்புளம் வந்தது. ஜெல் தாள் விலகியிருக்க வேண்டும். "நார்மல்தான் மேடம், ஆலோவேரா தடவுங்க" என்றார்கள். ஆறு வாரம் அடிவயிறு மரத்துக் கிடந்தது. புடவைக் கொசுவம் செருகும்போது யாரோ ஒருத்தியின் வயிற்றைத் தொடுவதுபோல இருக்கும். என்னுடையது ஆறிவிட்டது. தோழியுடையது ஆறவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? என் வயிற்றுக்கு அந்தச் சிகிச்சை தேவையே இல்லை. கல்யாணம் எல்லாம் முடிந்து முதுகுவலிக்காக ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். ஃபீஸ் 300 ரூபாய். படுக்கச் சொல்லி, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரலை வைத்துப் பார்த்தார். இரண்டரை விரல் உள்ளே போனது. பிரசவத்தில் விலகிய வயிற்றுத் தசை மறுபடி சேரவே இல்லை. நான் எட்டு வருஷமாகக் கொழுப்பு என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தது பாதி அதுதான். உறைய வைத்தால் அது சேருமா? 300 ரூபாய்க்கு இரண்டு நிமிஷத்தில் தெரிந்த விஷயத்தை 48,000 ரூபாய் வாங்கிய இடத்தில் யாரும் பார்க்கவில்லை. சிகிச்சை என்று நினைத்திருந்தால் பார்த்திருப்பார்கள். ஃபேசியல் என்று நினைத்தார்கள்.

இப்போது தோல் மருத்துவ நண்பர்கள் வருவார்கள். "எல்லோரையும் பயமுறுத்தாதீர்கள், தகுதியான மருத்துவர் தகுதியான ஆளுக்குச் செய்தால் பாதுகாப்பானது, எஃப்டிஏ அனுமதி இருக்கிறது." ஒப்புக்கொள்கிறேன். அந்த வாக்கியத்தில் "தகுதியான" என்ற சொல் இரண்டு தரம் வருகிறதே, என் சண்டையே அங்கேதான். எஃப்டிஏ என்பது அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு. அது 2010-ல் முதலில் இடுப்பின் பக்கவாட்டுச் சதைக்கு மட்டும்தான் அனுமதி கொடுத்தது. வயிற்றுக்கு 2012-ல். தாடைக்குக் கீழே 2015-ல். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் இயந்திரத்துக்கு, உடம்பின் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக. நம்மூர் போர்டில் "எஃப்டிஏ அப்ரூவ்டு" என்று போட்டிருக்கிறதே, அது எந்த மெஷினுக்கு, எந்த இடத்துக்கு? மெஷினைத் திருப்பி அதில் ஒட்டியிருக்கிற பெயரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்க்கவில்லை. படுத்திருக்கிற ஆள் எழுந்து பார்ப்பது எப்படி?

மற்ற மெஷின்களும் அப்படித்தான். லேசரில் சூடாக்குவது, அல்ட்ராசவுண்டில் சூடாக்குவது, காந்தத்தால் தசையைத் துடிக்க வைப்பது. இந்தக் கடைசியை "அரை மணி நேரத்தில் 20,000 சிட்-அப்" என்று விற்கிறார்கள். தசை அத்தனை தரம் சுருங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், அது சிட்-அப் ஆகிவிடுமா? அதைவிட முக்கியம், உடம்புக்குள் உலோகம் இருந்தால் அந்த மெஷினில் படுக்கக் கூடாது. பேஸ்மேக்கர் மட்டும் இல்லை, கருத்தடைக்கு வைக்கிற காப்பர்-டிகூட. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு காப்பர்-டி போட்டுக்கொண்ட பெண்கள் நம்மில் எத்தனை பேர்? வெள்ளைக் கோட்டுப் பெண் அதைக் கேட்பார் என்கிறீர்களா?

"அரிதிலும் அரிது" என்று இன்னொரு வாதம். லிண்டா இவாஞ்சலிஸ்டாவைத் தெரியாதவர்களுக்கு: தொண்ணூறுகளில் உலகத்தின் முதல் வரிசை மாடல். 2015, 2016-ல் இந்தக் கொழுப்பு உறைய வைப்பதைச் செய்துகொண்டார். குறைய வேண்டிய இடத்தில் கொழுப்பு கெட்டியாக வளர்ந்தது. சிலருக்குக் கப் வைத்த வடிவத்திலேயே, ஒரு கட்டி வெண்ணெயை உள்ளே வைத்துத் தைத்ததுபோல வளரும். தானாகக் கரையாது, கடைசியில் எதற்குப் பயந்து இங்கே வந்தோமோ அந்த, கொழுப்பை அறுத்து உறிஞ்சி எடுக்கிற லைபோசக்‌ஷன்தான் செய்ய வேண்டும். ஐந்து வருஷம் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்துவிட்டு 2021-ல்தான் வாய்திறந்தார். ஐந்து கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார், அடுத்த வருஷம் சமரசமானது. 2014-ல் இந்தப் பக்கவிளைவு முதன்முதலாகப் பதிவானபோது 20,000-ல் ஒன்று என்றார்கள், பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் அது கூடிக்கொண்டே போனது. பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம் வருகிறது என்பது கூடுதல் தகவல், ஹாஹா போட்ட அண்ணன்களுக்கு. அரிதுதான். ஆனால் கையெழுத்து வாங்குகிற தாளில் அதை எழுதி, என் மொழியில் படித்துச் சொல்லிவிட்டு வாங்க வேண்டாமா? நான் போட்ட கையெழுத்து இஎம்ஐ படிவத்தில் மட்டும்தான்.

"சட்டம் இருக்கிறதே, புகார் கொடுக்கலாமே" என்பவர்களுக்கு: இருக்கிறது. மருந்துகளின் ஆட்சேபகரமான விளம்பரங்களுக்கு எதிரான 1954-ஆம் வருஷத்துச் சட்டம், எந்தெந்த நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று வைத்திருக்கிற பட்டியலில் உடல் பருமனும் உண்டு. ஊர் முழுக்க ஃப்ளெக்ஸும் உண்டு.

இப்போது "நடந்தால் போதுமே" கட்சிக்கு வருகிறேன். இவர்களுக்குத்தான் இந்தப் பதிவே.

அந்தத் தோழியின் பதிவின் கீழே இதை எழுதாத ஆள் பாக்கியில்லை. தினமும் ஒரு மணி நேரம் நட. சோற்றைக் குறை. எங்கள் ஆத்தாவெல்லாம் ஆட்டுக்கல்லில் மாவாட்டினாள். சோம்பேறிகளுக்குக் கிடைத்த தண்டனை. ஐயா, அந்தப் பெண் அதிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து மூன்று டப்பா கட்டிவிட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவர். நீங்கள் நடை பழகும் நேரத்தில் உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் மூன்று டப்பா கட்டிக்கொண்டிருக்கிறார்.

அறிவியலாகவே பேசுவோம். நடந்தால் கொழுப்பு குறையும், ஆனால் எந்த இடத்தில் குறைய வேண்டும் என்று நடக்கிற ஆள் சொல்ல முடியாது. கன்னம் ஒட்டிப்போய், வயிறு அப்படியே இருக்கிற பெண்களை உங்களுக்குத் தெரியும். இந்தச் சிகிச்சையே ஏறக்குறைய சரியான எடையில் இருந்து, ஓரிடத்தில் மட்டும் பிடிவாதமாக நிற்கிற சதைக்காகக் கண்டுபிடித்தது. விரலால் கிள்ளிப் பிடிக்க முடிகிற சதைக்கு. மாறாக, வேட்டிக்கு மேலே கல் மாதிரி நிற்கிற தொந்தி இருக்கிறதே, தட்டினால் தவில் மாதிரி, அது தோலுக்கடியில் இல்லை. தசைக்கும் உள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கிறது. எந்தக் கப்பும் அதைப் பிடிக்காது. சர்க்கரையும் மாரடைப்பும் கொண்டுவருவது பெரும்பாலும் அதுதான். அதற்குத்தான் நடக்க வேண்டும். ஆக, நடக்கச் சொன்ன அண்ணன்களே, அறிவுரை சரியானதுதான், விலாசம்தான் தப்பு.

இதைச் சொன்னால் "ஆண்களை இழுக்காதீர்கள்" என்பார்கள். ஏன் இழுக்கக் கூடாது? உங்கள் தொந்திக்கு "செழிப்பு" என்று பெயர். எங்களுடையதற்கு மட்டும் விசாரணை.

"அப்படியென்றால் நீ ஏன் போனாய், படித்தவள்தானே" என்று இன்பாக்ஸில் கேட்கப்போகிறீர்கள். சொல்கிறேன். அந்த வருஷம் கும்பகோணத்தில் ஒரு வளைகாப்பு. சின்னவனுக்கு அப்போது நாலு வயது, இடுப்பில் தூக்கி வைத்திருந்தேன். பந்தியில் உட்காரப் போகும்போது அத்தை ஒருத்தர் என் வயிற்றில் கையை வைத்து, "ஏண்டி, சொல்லவே இல்ல? எத்தனை மாசம்?" என்றார். பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "இல்ல அத்தை, அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன். "ஓ, தொப்பையா!" என்று சிரித்தார். கெட்டவர் இல்லை, எனக்குக் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு என்ன சமையல் என்று எனக்கு ஞாபகமே இல்லை. வீட்டுக்கு வந்து ராத்திரி பதினொரு மணிக்கு ஃபோனில் தேடியது "வயிறு குறைய" என்று. மறுநாளிலிருந்து எந்தப் பக்கம் திறந்தாலும் அந்த எலுமிச்சை வாசனைக் கடையின் விளம்பரம்.

சோம்பேறித்தனத்தினால் போகவில்லை. தம்பி கல்யாணத்தில் இன்னொரு கை என் வயிற்றுக்கு வரக் கூடாது என்று போனேன். தோழி எதற்குப் போனார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். ஆனால் கொப்புளத்தோடு வந்து "யோசித்துப் போங்கள்" என்று நமக்காக எழுதினவரை, மெஷின் செய்ததைவிட நாம்தான் அதிகமாகச் சுட்டோம். அந்தக் கடையை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கடைக்காரர் அந்தப் பதில்களைப் படித்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

அந்தப் பதினோரு பேரில் நாலு பேரை நீக்கிவிட்டேன். மீதி ஏழு பேர் சொந்தக்காரர்கள், நீக்கினால் அம்மாவுக்கு ஃபோன் போகும்.

கல்யாண ஆல்பம் பார்த்தேன் நேற்று. எல்லாப் படத்திலும் கைப்பையை வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். அந்தக் கடையிலிருந்து இன்னமும் மாதம் ஒரு தரம் கூப்பிடுகிறார்கள், ஒவ்வொரு தரமும் வேறு வேறு பெண், ஒரே குரல். "மேடம், உங்க பேக்கேஜ்ல ரெண்டு சிட்டிங் பாக்கி இருக்கு, எப்ப வர்றீங்க?"