பானெட்டைத் தட்டிப் பார்க்கும் நிபுணர்களுக்கு

ஒரு புதிய காரை எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் வந்து என்ஜினை மூடியிருக்கும் அதன் பானெட்டை விரல் முட்டியால் தட்டிப் பார்த்துவிடுகிறார். கல்யாண மண்டப வாசலில் தட்டுகிறார்கள், பெட்ரோல் பங்கில் தட்டுகிறார்கள், பட்டி பார்க்க விட்டிருக்கும் பட்டறையிலும் அடுத்த வண்டிக்காரர் வந்து தட்டுகிறார். பிறகு கதவின் தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கி, அது இம்மியளவு உள்வாங்கியதும் ஏதோ பெரிய மோசடியைக் கண்டுபிடித்துவிட்டவரைப் போலத் திரும்பி, "எல்லாம் தகர டப்பா சார், அம்பாசிடர் மாதிரி வருமா?" என்கிறார். தேங்காய் வாங்குபவர் தட்டிப் பார்ப்பதற்கு ஒரு பொருள் உண்டு. காரைத் தட்டி இவர்கள் எதைத் தெரிந்துகொள்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பழைய கார்கள் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. நானே ஒன்றை வைத்துப் பராமரிப்பவன்தான். அதற்கான உதிரி பாகத்தைத் தேடிச் சென்னையின் புதுப்பேட்டைச் சந்துகளில் அலைவதும், ஜி.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்குவதும் எனக்கு உவப்பான வேலைகளே. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கியர் கம்பியை இழுத்துப் போடும்போது கைக்குக் கிடைக்கும் உணர்வை எந்த ஆட்டோமேட்டிக் வண்டியும் தருவதில்லை. அம்பாசிடரின் பின்னிருக்கையில் மூவர் தாராளமாகவும், அவர்கள் மடியில் மூன்று பிள்ளைகள் சற்றே நெருக்கமாகவும் ஊர் போய்ச் சேர்ந்த காலம் எனக்கும் நினைவிருக்கிறது. பழைய காரை அதன் அழகுக்காகவும், எளிமைக்காகவும், எந்தப் பட்டறையிலும் பிரித்துப் பூட்ட முடிந்ததற்காகவும் புகழுங்கள். நானும் சேர்ந்து புகழ்கிறேன். ஆனால் அது பாதுகாப்பானது என்று சொல்லி, அதிலும் ஒவ்வொரு விபத்துப் படத்துக்கும் கீழே வந்து சொல்லி, இறந்தவரின் உடல் வீடு வந்து சேர்வதற்குள் "அந்தக் காலத்து இரும்பாக இருந்தால் கீறல்கூட விழுந்திருக்காது" என்று தீர்ப்பு எழுதுகிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வண்டியில் கீறல் விழாததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மோதலில் காப்பாற்றப்பட வேண்டியது தகடா, உள்ளே இருக்கும் மனிதரா? மணிக்கு 54 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 15 மீட்டர். அந்த வேகத்தில் போய்ச் சுவரில் மோதும் ஒருவரது உடல் 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் நின்றாக வேண்டும் என்றால், அவர் 70 கிலோ எடையுள்ளவராக இருக்கும் பட்சத்தில், அவர் மீது இறங்கும் விசை சராசரியாக இரண்டரை டன்னுக்கும் மேல். வண்டியின் முன்பகுதி நசுங்கிக் கொடுத்து அதே தூரம் 60 சென்டிமீட்டர் ஆகிவிட்டால் அந்த விசை சரிபாதியாகக் குறைந்துவிடும். பள்ளிக்கூட இயற்பியல் இவ்வளவுதான். நீங்கள் நக்கலடிக்கும் அந்த நசுங்கல், உள்ளே இருப்பவருக்காக வண்டி கொடுக்கும் விலை. முன்னும் பின்னும் நசுங்க வேண்டும், நடுவில் பயணிகள் அமரும் கூடு மட்டும் நசுங்கக் கூடாது என்னும் கருத்துக்கு மெர்சிடிஸ் பென்ஸ் நிறுவனத்தின் பொறியாளர் பேலா பாரெனி 1950களின் தொடக்கத்திலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். 1959இல் அந்நிறுவனம் அதை வைத்துக் காரே விற்கத் தொடங்கிவிட்டது. அதாவது அம்பாசிடர் நம் சாலைக்கு வந்து ஓரிரு ஆண்டுகளுக்குள் உலகம் இதைக் கண்டு முடித்துவிட்டது. நம் நிபுணர்கள் மட்டும் இன்னும் விரல் முட்டியை வைத்து ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

கணக்குப் பிடிக்காதவர்களுக்குக் கண்ணால் காண ஒன்று இருக்கிறது. அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் இயங்கும் ஐஐஹெச்எஸ் என்னும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பு, தன் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி 2009இல் ஒரு சோதனை செய்தது. 1959ஆம் ஆண்டின் செவர்லே பெல் ஏர் காரையும் 2009ஆம் ஆண்டின் செவர்லே மாலிபுவையும் தலா 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் ஒரு பாதி மட்டும் இடிக்கும்படி நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பெல் ஏர், நம்மவர்கள் கனவு காணும் அதே கனத்த அமெரிக்க இரும்பு. அந்த இரும்பு நொறுங்கி, டாஷ்போர்டும் ஸ்டியரிங்கும் பின்னோக்கி வந்து, ஓட்டுநர் இடத்தில் உட்காரவைத்திருந்த சோதனைப் பொம்மையை நெரித்தன; உள்ளே மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். மாலிபுவின் முகப்பு அப்பளமாக நொறுங்கியது, ஆனால் பயணிகளின் கூடு அப்படியே நின்றது. அதில் இருந்தவருக்குக் காலில் சிறு காயம் என்ற அளவோடு போயிருக்கும். இதைப் பார்த்த பிறகும் பழைய கார் பக்தர்கள் அடங்கவில்லை. பெல் ஏரில் என்ஜினையே கழற்றிவிட்டுத்தான் மோதவிட்டார்கள் என்று ஒரு கதை கட்டினார்கள். ஆறு சிலிண்டர் என்ஜின் அதற்குள் பத்திரமாகத்தான் இருந்தது. பக்திக்கு ஆதாரம் தேவையில்லை என்பது கடல் கடந்தும் பொருந்துகிறது.

புதியவை எல்லாம் பாதுகாப்பானவை என்றும் நான் சொல்லவில்லை. 2014இல், கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு நட்சத்திர மதிப்பீடு தரும் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களை மோதிப் பார்த்தபோது ஐந்துமே ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. அவற்றில் ஒன்று ஏர்பேக் இல்லாத ஃபோக்ஸ்வாகன் போலோ. அதே போலோவை, அதே உடற்கூட்டோடு, அதே தகட்டோடு, முன்னால் இரண்டு ஏர்பேக் வைத்து மோதியபோது பெரியவர்களின் பாதுகாப்புக்கு நான்கு நட்சத்திரங்கள் கிடைத்தன. தகட்டின் கனம் இரண்டு வண்டிகளிலும் ஒன்றுதான். நீங்கள் இரண்டையும் தட்டிப் பார்த்திருந்தால் சத்தமும் ஒன்றாகவே கேட்டிருக்கும்.

தட்டப்படும் அந்தத் தகடு வண்டியின் பலத்தில் பெரிதாக எதையும் தாங்குவதே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பலம், கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும் தூண்களிலும் சட்டங்களிலும் இருக்கிறது. அவற்றுக்குப் பயன்படும் உயர்வலு எஃகு பழைய காரின் எஃகைவிடப் பல மடங்கு வலியது. பானெட் இளகிக் கொடுப்பதற்குக் கஞ்சத்தனம் மட்டுமே காரணம் என்று நினைத்தால் அதுவும் தவறு. சாலையைக் கடக்கும் ஒருவர் மீது வண்டி மோதினால் அவர் தலை வந்து விழும் இடம் அது. தகடு உள்வாங்கி, அதற்கும் என்ஜினுக்கும் நடுவே இடைவெளி இருந்தால்தான் அவருக்குப் பிழைக்க ஒரு வாய்ப்பாவது இருக்கும். மண்டப வாசலில் நின்று பானெட்டைத் தட்டிச் சிரிப்பவர், சாலையைக் கடந்து வீடு போகும்போது அந்த மென்மையை நம்பித்தான் போகிறார்.

"என் அப்பா அம்பாசிடரில் எத்தனை முறை இடித்திருக்கிறார் தெரியுமா, ஒன்றும் ஆகவில்லையே" என்று ஒரு வாதம் தவறாமல் வரும். உங்கள் அப்பா எந்த வேகத்தில் இடித்தார்? இருவழிச் சாலையில், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கோடு, ஐம்பதைத் தாண்டினாலே பாட்டி முருகா என்று கும்பிட்ட காலம் அது. அன்று இடித்து இறந்தவர்களின் பிள்ளைகள் வந்து உங்களோடு வாதாடப்போவதில்லை. தப்பியவர்களின் பிள்ளைகள்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவும் பேசுபவரின் சொந்த வண்டிக்குள் எட்டிப் பாருங்கள். சீட் பெல்ட் போடவில்லை என்று வண்டி அலறாமல் இருக்க, அந்தத் துளையில் செருகும் ஒரு போலி கொக்கி மாட்டியிருக்கும். இணையக் கடைகள் இதை விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் உத்தரவே போட வேண்டியிருந்தது. பெல்ட் போடாதவர் மீது ஏர்பேக் விரிவதே ஆபத்து என்பதையாவது இந்தத் தகட்டு ஆய்வாளர்கள் எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பார்களா?

புதிய காரைத் திட்ட வேண்டுமானால் திட்டுவதற்கு நியாயமான காரணங்கள் மலையளவு கிடக்கின்றன. ஏசியின் காற்றைக் குறைக்க, கண்ணைச் சாலையிலிருந்து எடுத்து, கண்ணாடித் திரைக்குள் மூன்று அடுக்கு இறங்கித் தேட வேண்டியிருக்கிறது. பழைய வண்டியில் அது கைக்குத் தானாகத் தட்டுப்படும் ஒரு திருகு. ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் தொட்டறியும் விசை இருக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பை மதிப்பிடும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் மதிப்பெண்ணோடு சேர்த்துக் கேட்க வேண்டிய நிலைக்குக் கார் தயாரிப்பாளர்கள் விஷயத்தைக் கொண்டுவந்துவிட்டார்கள். ஹெட்லைட்டின் ஒரு மூலை உடைந்தால் முழு விளக்கையும் மாற்றச் சொல்லிக் கேட்கிற தொகையில், அந்தக் காலத்தில் என்ஜினையே இறக்கி வேலை பார்த்திருக்கலாம். சித்திரை வெயிலில் வேகிற ஊரில் கூரையைத் திறக்கும் வசதிக்கு ஒரு லட்சம் அதிகம் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். இவற்றைப் பற்றிப் பேச வாருங்கள். டீ வாங்கிக் கொடுத்து விடிய விடியப் பேசுகிறேன். பானெட்டிலிருந்து மட்டும் கையை எடுங்கள்.