கவுன்சிலர் கவுண்டிக்கு நிற்கும்போது நான் பார்ப்பது

2025 அக்டோபரில் தபாலில் வந்த வாக்குச்சீட்டு எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் பத்து நாள் கிடந்தது. ரெட்மண்டுக்குக் குடிவந்த பிறகு எந்தத் தேர்தலிலும் நான் இவ்வளவு தயங்கியதில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எங்கள் ஊர் இருக்கும் கிங் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) எக்ஸிகியூட்டிவ், அதாவது நிர்வாகத் தலைவர் பதவிக்குக் கடைசிச் சுற்றில் நின்ற கிளாடியா பால்டுச்சி, கிர்மாய் ஸஹிலாய் இருவருமே கவுண்டி கவுன்சில் உறுப்பினர்கள். வீட்டுவசதி, பாதுகாப்பு, பேருந்து, ரயில் என்று இருவர் பேசியதும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்சிப் பெயர் இல்லாமல் நடக்கும் தேர்தல் என்பதால் அந்தக் குறுக்குவழியும் கிடையாது. முன்னுரிமைகளைப் படித்து எனக்கு எதுவும் விளங்கவில்லை. அவர்கள் வந்த வழியைப் படித்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

முதலில் இந்தப் பதவி என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் கலெக்டரை நினைத்துக்கொள்கிறோம். கலெக்டரை அரசு நியமிக்கிறது. எக்ஸிகியூட்டிவை நாம் தேர்ந்தெடுக்கிறோம். கிங் கவுண்டியில் சியாட்டில், பெல்வியூ உட்பட 39 நகரங்கள், 22 லட்சத்துக்கும் மேலான மக்கள். மெட்ரோ பேருந்து, பொதுச் சுகாதாரம், கழிவுநீர் சுத்திகரிப்பு, சிறை எல்லாம் கவுண்டியின் பொறுப்பு. சொத்துவரியை ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் வாக்குக் கேட்க வேண்டும். விலைவாசி அதைவிட வேகமாக ஏறுவதால் பட்ஜெட்டில் எப்போதும் இழுபறிதான். 2009 முதல் இந்தப் பதவியில் இருந்த டவ் கான்ஸ்டன்டைன் 2025இல் விலகி, இந்த வட்டாரத்தின் ரயில் பாதைகளைக் கட்டி நடத்தும் சவுண்ட் டிரான்ஸிட் அமைப்புக்குத் தலைமை ஏற்கப் போனார். பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு நாற்காலி காலியானது.

பால்டுச்சி எங்கள் பக்கத்துக்காரர். 2004 முதல் பெல்வியூ நகர கவுன்சிலில் இருந்து, மேயராகி, 2016இல் கவுண்டி கவுன்சிலுக்கு வந்தவர். அதற்கு முன் கவுண்டியின் சிறைத்துறைக்கு இயக்குநராகவும் இருந்திருக்கிறார். சியாட்டிலுக்கும் எங்கள் பக்கத்துக்கும் நடுவே இருக்கும் ஏரியின் மீதான ரயில் பாதை வேலை தாமதமானபோது, எங்கள் கிழக்குப் பக்கத்தை மட்டுமாவது முதலில் திறந்துவிடுங்கள் என்று விடாமல் கேட்டவர் அவர். 2024 ஏப்ரல் 27 அன்று சவுத் பெல்வியூவிலிருந்து ரெட்மண்ட் டெக்னாலஜி வரை எட்டு நிலையங்களோடு ரயில் ஓடத் தொடங்கியது. அந்த முதல் வாரத்திலேயே என் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கார் ஓட்டத் தெரியாத அம்மா இந்த ஊரில் தனியாக வெளியே போய்வர முடியும் என்று எனக்குத் தோன்றிய முதல் நாள் அது. அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஸஹிலாய் எத்தியோப்பிய அகதிப் பெற்றோருக்கு சூடானில் பிறந்து மூன்று வயதில் இங்கே வந்தவர். தெற்கு சியாட்டிலின் அரசுக் குடியிருப்புகளிலும் ஸ்கைவேயிலும் வளர்ந்தார். ஸ்டான்ஃபோர்டு, பிறகு பென்சில்வேனியாவில் சட்டம், அப்புறம் வழக்கறிஞர் வேலை. 2019இல் லாரி காசெட்டைத் தோற்கடித்துத்தான் கவுன்சிலுக்குள் நுழைந்தார். காசெட் கால் நூற்றாண்டு அந்த இடத்தில் இருந்தவர், சிவில் உரிமைப் போராட்டத்தின் மூத்தவர்களில் ஒருவர். கவுண்டியின் சின்னத்தில் இன்று மார்ட்டின் லூதர் கிங்கின் முகம் இருப்பதற்கு அவர் பாடுபட்டிருக்கிறார். அப்படிப்பட்டவரை எதிர்த்து ஓர் இளைஞர் நின்றது எனக்கு அப்போது பிடிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

என் மனத்தை மாற்றியது ஸ்கைவே. அது எந்த நகரத்துக்கும் உட்பட்டதல்ல. அங்கே மேயர் இல்லை, நகர கவுன்சில் இல்லை. சாலையில் பள்ளம் விழுந்தாலும், நடைபாதை வேண்டுமென்றாலும் கவுண்டியைத்தான் கேட்க வேண்டும். கிங் கவுண்டியில் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் பேர் இப்படி வாழ்கிறார்கள். 2024இல் கவுண்டி கவுன்சில் இந்தப் பகுதிகளுக்கென்று குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கொண்டுவந்தது. 2025 ஜனவரி முதல் பெரிய நிறுவனங்களில் மணிக்கு 20.29 டாலர். அதை முன்னெடுத்தவர் ஸஹிலாய். சியாட்டிலிலும் டக்விலாவிலும் கூலி உயர்ந்துவிட்டது, நடுவில் இருக்கும் ஸ்கைவேயில் மட்டும் உயரவில்லை என்பது அங்கே வளர்ந்தவர் கண்ணில் முதலில் படும். எனக்குப் பட்டதே இல்லை. இத்தனை வருடம் இருந்தும், கவுண்டியை மட்டுமே நம்பி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

பெல்வியூவுக்கோ ரெட்மண்டுக்கோ ஒரு குறை என்றால் கேட்க நகர மன்றம் இருக்கிறது. ஸ்கைவேக்குக் கவுண்டியைத் தவிர வேறு கதியில்லை. அதனால்தான் ஸஹிலாய்க்கு வாக்களித்தேன். நிர்வாக அனுபவத்தில் பால்டுச்சிதான் முந்தி; சிறையை நடத்தியவருக்கு அதன் பட்ஜெட் தலைகீழ்ப் பாடம். என் மனைவி அவருக்கே வாக்களித்தாள். எங்களுக்குள் இதில் சண்டை இல்லை, ஆனால் பேச்சு இன்னும் முடியவில்லை.

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது வேறு. எங்கள் நண்பர்கள் குழுவில் ஜனாதிபதித் தேர்தல் என்றால் இரவெல்லாம் செய்தி ஓடும். இந்தத் தேர்தலுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. குடியுரிமை வாங்கிய நான்கு வீடுகளில் கேட்டேன். மூன்றில் உறையே பிரிக்கப்படவில்லை. தபால்தலைகூட ஒட்ட வேண்டாம், கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும். வாக்குச்சீட்டு சீனம், கொரியன், ஸ்பானிஷ், வியட்நாமியம், ரஷ்யன், சோமாலி மொழிகளில் கிடைக்கிறது, தமிழில் கிடைப்பதில்லை. ஆங்கிலம் தயங்கும் பெரியவர்களுக்குப் பிள்ளைகள்தான் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். நான் என் அம்மாவுக்கு அதைச் செய்யவில்லை. அவள் குடியுரிமை வாங்கி இரண்டு வருடம் ஆகிறது.

ஸஹிலாய் வென்றார். கவுண்டித் தேர்தல்களை இரட்டைப்படை ஆண்டுகளுக்கு மாற்ற 2022இல் மக்கள் வாக்களித்திருப்பதால் அவருக்கு இந்த முறை மூன்றே ஆண்டுகள். மனநல அவசரத்துக்கு ஐந்து மையங்கள் கட்ட 2023இல் வரி தர ஒப்புக்கொண்டோம். 2028இல் உறை வரும்போது அவற்றில் எத்தனை திறந்திருக்கின்றன, ஸ்கைவேயில் எத்தனை நடைபாதை போட்டிருக்கிறார்கள் என்று எழுதிவைத்துக்கொண்டுதான் அம்மாவோடு உட்காரப்போகிறேன்.