திம்பத்தில் தூங்கும் டர்போ

காரின் இன்ஜின் ஆயிரம் சிசி, மூன்று சிலிண்டர்தான், ஆனால் டர்போ (புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் விசிறி) இருக்கிறது, பெரிய இன்ஜின் மாதிரி இழுக்கும் என்றார்கள். எங்கே இழுக்கிறது? பெருந்துறை தாண்டி நான்குவழிச் சாலையில் இழுக்கிறது, சரி. சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலையில் ஏற்றிப் பாருங்கள்! 27 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். குறைத்தால் இன்ஜினிலிருந்து வரும் புகையின் வேகம் போதாது, டர்போ சுழலாது. இரண்டாவது கியரில் மிதித்தால் அசையவே மாட்டேன் என்கிறது. முதல் கியருக்கு மாற்றினால் அலறுகிறது. பின்னால் கரும்பு லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது. ஒருவழியாக இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு 2,000 சுற்றை) தொட்டு வண்டி பாயும்போது அடுத்த வளைவு வந்துவிடுகிறது!

கோவை காந்திபுரம் நெரிசலிலும் இதே கதைதான். மைலேஜைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சோதனைக்கூடத்துக் கணக்கு கோவை சிக்னல்களில் வருமா? அப்புறம், மலையேறி வந்ததும் இன்ஜினை உடனே அணைக்கக் கூடாதாம், டர்போ குளிரும்வரை ஓடவிட வேண்டுமாம்.

நான்கு மீட்டர் நீளத்துக்குள், 1,200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜின் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம், மீறினால் 40. அதற்காக இன்ஜினைச் சுருக்குகிறார்கள். எங்கள் ஊர் மலைகளைச் சுருக்க முடியுமா?