கம்பி போட்டால் விரிசலே வராதா?

அண்ணே, "பீமில் கம்பி சரியாகப் போட்டிருந்தால் மயிரிழை விரிசல்கூட வராது, வந்தால் கொத்தனார் ஏமாத்திட்டார்"னு மேலே எழுதியிருக்கிறீர்கள், அது தப்பு. கான்கிரீட் அமுக்கினால் தாங்கும், இழுத்தால் அதன் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான், மீட்டருக்கு 0.1 மில்லிமீட்டர் சொச்சம் நீண்டாலே விரிசல் விட்டுவிடும். 500 கிரேடு கம்பியோ மீட்டருக்கு சுமார் 2.5 மில்லிமீட்டர் நீண்டாலும் பழையபடி திரும்பிவிடும். ஆக, கம்பி முழு மூச்சாக இழுவையைச் சுமக்க ஆரம்பிப்பதே கான்கிரீட் கீறிய பிறகுதான். ஒரே இடத்தில் வாயைப் பிளக்காமல் பல மெல்லிய கீறல்களாகப் பிரித்துவிடுவதுதான் அதன் வேலை. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 456 கூட பொதுவாக 0.3 மில்லிமீட்டர் அகலம் வரை ஒத்துக்கொள்கிறது, எப்போதும் ஈரம் படும் இடத்தில் 0.2.

திருநகரில் எங்கள் வீட்டு பீமின் நடுவில், அடிப்பக்கம், இப்படி மூன்று கீறல்கள் உண்டு. நோட்டுத்தாள் முனைகூட நுழையாது, பத்து வருஷமாக அதே அளவுதான்.

பயப்பட வேண்டியது வேறு: தூண் பக்கம் சாய்வாக ஓடும் விரிசல், அப்புறம் கம்பி போன நீளத்துக்கே துருக்கறையோடு ஓடுவது. அது தெரிந்தால் மேலே பூசி மறைக்காமல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், பாவம் கொத்தனாரை அப்புறம் வையலாம்.