நவீனத்துவம் போர்முனையில் பிறக்கவில்லை

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய கதைசொல்லலை உடைத்துக்கொண்டு வந்த நவீனத்துவ இலக்கியம் என்று பேச்செடுத்தாலே முதல் உலகப் போரில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறோம். பதுங்குகுழி, நச்சுவாயு, நம்பிக்கை இழந்த ஐரோப்பா, அதனால் சிதறிப்போன மொழி. எனக்கு இந்த விளக்கத்தில் உடன்பாடில்லை. காலக்கணக்கே இடிக்கிறது. ரில்கேயின் 'மால்ட்டே' நாவல் 1910இல் வந்துவிட்டது. காஃப்கா 'தீர்ப்பு' கதையை 1912 செப்டம்பரில் ஒரே இரவில் எழுதி முடித்தார். பிரெஞ்சு எழுத்தாளர் புரூஸ்டின் 'இழந்த காலத்தைத் தேடி' நாவலின் முதல் பாகம் 1913 நவம்பரில் வெளியானது. போர் அதற்குப் பிறகுதான்.

போர் இந்த எழுத்துக்கு வாசகர்களைத் தயார்ப்படுத்தியது, சரி. ஆனால் அதன் அடிப்படைக் கேள்விகள் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுக்கூடங்களிலும் தத்துவ வகுப்புகளிலும் எழுந்துவிட்டன.

இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். விமான வேகத்தை மாக் 1, மாக் 2 என்கிறோமே, அதே மாக். புலனுணர்வுகள் பற்றிய அவருடைய 1886ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. சாய்ந்து படுத்தபடி, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வரைந்திருக்கிறார். மேலே புருவ வளைவு, ஓரத்தில் மூக்கு, கொஞ்சம் மீசை, அப்புறம் நீட்டிய கால்கள், அதற்கப்பால் ஜன்னல். முகம் மட்டும் இல்லை. பார்ப்பவனுக்கு அவன் முகம் எப்படித் தெரியும்? இருப்பதெல்லாம் உணர்வுகள்தான், 'நான்' என்பது அவற்றின் தற்காலிகச் சேர்க்கை, அதைக் காப்பாற்ற முடியாது என்று மாக் எழுதினார். எல்லாம் அறிந்த கதைசொல்லிக்கு இதற்குப் பிறகு என்ன வேலை?

மாக் 1895இல் வியன்னாவுக்கு வந்தார். அவர் வகுப்புகளைக் கேட்டவர்களில் ஆஸ்திரியக் கவிஞர் ஹாஃப்மன்ஸ்தாலும் ஒருவர். 1902இல் ஹாஃப்மன்ஸ்தால் எழுதிய சாண்டோஸ் பிரபுவின் கற்பனைக் கடிதத்தை நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். 'ஆன்மா', 'உடல்' என்று சொல்ல வாயெடுத்தாலே பிரபுவுக்குக் கூசுகிறது. பெரிய சொற்கள் அழுகிய காளான்களாக வாயிலேயே உதிர்கின்றன. ஆனால் தோட்டக்காரப் பையன் மரத்தடியில் மறந்துவிட்டுப் போன பூவாளியும், அதன் பாதித் தண்ணீரில் நீந்தும் ஒரு வண்டும் அவரை உலுக்கிவிடுகின்றன. மொழி சிதைய பீரங்கி தேவைப்படவில்லை. நாவலாசிரியர் ராபர்ட் மூசிலோ 1908இல் பெர்லினில் தன் முனைவர் பட்ட ஆய்வையே மாக் பற்றித்தான் எழுதினார்.

தத்துவத்தை நாவலாசிரியர்கள் அப்படியே நகலெடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. காலத்தையும் நினைவையும் பற்றி எழுதிய பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்க்சன், திருமணத்தால் புரூஸ்டுக்கு உறவுக்காரர் ஆகிவிட்டவர். ஆனாலும் தன் நாவலை பெர்க்சன் வழியில் வந்ததாகச் சொல்ல புரூஸ்ட் மறுத்தார். தானாக வரும் நினைவு, முயன்று வரவழைக்கும் நினைவு என்று தான் பிரித்த பிரிவு பெர்க்சனிடம் இல்லவே இல்லை என்றார். அந்த மறுப்பே எவ்வளவு நுட்பமானது!

மனதில் ஓடும் எண்ணங்களை ஓடுகிறபடியே எழுதும் நனவோடையை வெறும் உத்தியாகச் சொல்லித்தருவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். நிறுத்தற்குறி இல்லாமல் எழுதினால் நனவோடை என்று நம்பும் இளம் எழுத்தாளர்களை இன்றும் பார்க்கிறேன். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வந்த தன் உளவியல் நூலின் ஓர் அத்தியாயத்தில், மனம் துண்டுதுண்டாகக் கோத்த சங்கிலி அல்ல, இடையறாத ஓட்டம் என்று வாதாடினார். அவர் மாணவியும் பின்னாளில் எழுத்தாளருமான கெர்ட்ரூட் ஸ்டைன், கவனம் வேறெங்கோ இருக்கும்போது கை தன்பாட்டுக்கு எழுதுமா என்று ஹார்வர்ட் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்; அது 1896இல் கட்டுரையாகவும் வந்தது. டாரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதும்போது ஆங்கில எழுத்தாளர் மே சின்க்ளேர் 1918இல்தான் நனவோடை என்ற சொல்லை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். பாடத்திட்டம் வகுப்பவர்கள், நாவலாசிரியர் வர்ஜீனியா வூல்ஃபுக்குப் பக்கத்தில் ஜேம்ஸின் அந்த அத்தியாயத்திலிருந்து பத்துப் பக்கமாவது வைக்க வேண்டும்.